வெலிமிர் அடைத்த ஓட்டை

பெல்கிரேடுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பான்ச்செவோவில் காற்றுக்குப் பஞ்சம் கிடையாது. கொஷாவாக் காற்று கிளம்பிவிட்டால் தெருவில் தொப்பி ஒரு பக்கம் ஓடும், தொப்பிக்காரன் ஒரு பக்கம் ஓடுவான். அதை எங்கள் ஊரில் ஒருவரும் சட்டை செய்வதில்லை. நாங்கள் பயப்படுவது வேறு காற்றுக்கு. ஒரு ஜன்னல் வழியாக நுழைந்து எதிர் ஜன்னல் வழியாக நைசாக நழுவும் பாருங்கள், ப்ரோமாயா, குறுக்குக்காற்று, அதற்கு. கழுத்துப் பிடிப்பு, பல்வலி, இடுப்புக் குத்தல், பிள்ளை தங்காதது, பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே காரணம்தான். சிரிக்காதீர்கள். நானும் நாலெழுத்து படித்தவள்தான். ஆனாலும் ஒரு ஜன்னலைத் திறக்குமுன் எதிர் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

அப்படிப்பட்ட ஊரிலேயே ஒருவரைப் பார்த்து, "இந்த ஆள் கொஞ்சம் ஓவர்" என்று சொல்கிறார்கள் என்றால் அவர் எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். அவர்தான் வெலிமிர், எங்களுக்கு வெல்யாண்ணே. எங்கள் ஸ்டூடியோவின் ஸ்டோரேஜ் பெட்டியைக் கட்டி மேய்ப்பவர்.

ஸ்டூடியோ என்றதும் பளபளப்பாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாவு மில்லின் மாடி. பெல்கிரேடில் சீரியல் பிடிப்பார்கள். அங்கே வாடகை கொடுக்க மனசு வராத எங்கள் முதலாளி நெபோய்ஷா இங்கே வைத்து அதை வெட்டி ஒட்டிக் கொடுப்பான். வெட்டி ஒட்டுவது நாங்கள். என் பெயர் தெசான்கா. மொத்தம் எட்டு எடிட்டிங் மெஷின்கள். எட்டுக்கும் படம் போவது வெலிமிரின் ஒரே பெட்டியிலிருந்துதான். பெட்டி திணறினால் எட்டுத் திரையிலும் கதாநாயகி வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பாள்.

வெலிமிர் முதலில் பல்பு தொழிற்சாலையில் இருந்தார். எரிகிற பல்பு ஒரு பக்கம், எரியாத பல்பு ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுகிற வேலை. அதை இழுத்துப் பூட்டியபோது வயசு நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் குடிக்கப் போனார்கள். இவரும் போனார். குடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் படித்தார். "அங்கயும் விளக்கு எரியுதான்னு பாத்தேன், இங்கயும் விளக்கு எரியுதான்னு பாக்குறேன். சம்பளந்தான் ரெண்டு எடத்துலயும் எரியல" என்பார். பெட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் மருமகள். "வீட்ல எல்லாருக்கும் சோறு போடுறவ அவதான். குறை சொல்றதுக்கு மட்டும் வரிசையா வந்து நிக்கிறீங்க" என்று எங்களைத் திட்டுவார். அவருக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்துக் கிராமம் கச்சாரெவோவில் ஒரு வீடு, பின்னால் ஒரு பன்றி, மனைவி மிலேவா. அவ்வளவுதான் உலகம்.

மிலேவா அக்காவின் முகத்தில் இடது பாதி அசையாது. சிரித்தால் பாதிச் சிரிப்புதான் வரும். அந்தப் பாதியே மற்றவர்களின் முழுச் சிரிப்புக்குச் சமமாக இருக்கும் என்பது வேறு விஷயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு கோடையில் இரண்டு பேரும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். புழுக்கம் தாங்காமல் வெலிமிர் ஜன்னலைத் திறந்திருக்கிறார். எதிர்ப்பக்க ஜன்னலும் திறந்திருந்தது. இறங்கும்போது பார்த்தால் அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர், "ஏதோ கிருமி, நரம்புல பட்டிருக்கு" என்றாராம். வெலிமிர் அந்த டாக்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் அறையில் திறந்திருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

அன்றிலிருந்து அவர் மனிதராக இல்லை, தாழ்ப்பாளாக மாறிவிட்டார். ஜூலை மாதத்துக் கச்சாரெவோ பஸ்ஸில் ஏறியதும் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து ஜன்னல்களைச் சாத்துவார். திட்டு வாங்குவார், சாத்துவார். ஒருமுறை ஒரு மல்யுத்த மாஸ்டர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். தூக்கின உயரத்தில் மேல்ஜன்னல் எட்டியது. அதையும் சாத்திவிட்டுத்தான் இறங்கினார். நான் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன், என் கண்ணால் பார்த்தது.

இந்த மனிதருக்குத்தான் அந்த ஜூலை மாதம் சோதனை வந்தது. நெபோய்ஷாவுக்குப் பெரிய சீரியல் ஒன்று மாட்டியது. எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடியாக வேண்டும். பெட்டியிலிருந்து படத்தை வெளியே அனுப்புகிற ஒற்றை நெட்வொர்க் கார்டு அதற்குத் தாங்காது.

"நாலு கார்டு போடுவோம்" என்றார் வெலிமிர். "பெட்டிப் பக்கம் நாலு, மெஷின் பக்கம் நாலு. நடுவுல நாலு கேபிள். நாலு பாதை. வேலைய நாலாப் பிரிச்சு மாத்தி மாத்திக் குடுக்கும்."

"ஒண்ணு போட்டா ஒரு மடங்கு, நாலு போட்டா நாலு மடங்கா?" என்று கேட்டான் நெபோய்ஷா.

"ஆமா."

"கணக்கு இவ்வளவு லேசா இருந்தா நான் ஏன் வெல்யாண்ணே அதுல பெயிலானேன்?"

"நீ பக்கத்துப் பையனப் பாத்து எழுதுன. அவனும் பெயிலு."

நெபோய்ஷா வாங்கிக் கொடுத்தான். வெலிமிர் மாட்டினார். நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாகப் படத்தை ஓட்டினோம். எட்டுத் திரையிலும் கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றாள். பழைய ஒற்றைக் கார்டில் ஓடிய அளவுகூட ஓடவில்லை. நான் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரி. "வெல்யாண்ணே, உங்க மருமகளுக்கு நாலு கை முளைச்சதும் சோத்தையே மறந்துட்டாளே" என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

நெபோய்ஷா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வியாழக்கிழமை சீரியலின் புரொட்யூசர் அம்மாள் நேரில் வருவதாக இருந்தாள். "அன்னைக்கு எட்டும் ஓடணும். இல்லன்னா பெட்டிய வித்துட்டு, பெல்கிரேடுல ஒரு கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவன்கிட்ட எல்லாத்தையும் குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்னண்ணே வேலை?" என்றான். ஐம்பத்தெட்டு வயசு ஆளை எங்கள் ஊரில் எவன் வேலைக்கு எடுப்பான். வெலிமிருக்கு அது தெரியும். வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

முதலில் கேபிளைத் திட்டினார். பிறகு கேபிள்களையெல்லாம் சேர்க்கிற ஸ்விட்ச் பெட்டியைத் திட்டினார். கார்டு விற்ற ஸ்லோவேனியாக்காரனை, அவனுடைய தாயை, அவன் வீட்டு நாயை வரிசைப்படி திட்டினார். கடைசியில் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றாவதைப் பிடுங்கினார், மோசமாயிற்று. மாட்டினார். இரண்டாவது, மூன்றாவது, அதே கதை. நாலாவதைப் பிடுங்கியதும் பெட்டி பறந்தது.

"இது என்னண்ணே கூத்து? மூணு பேர் ஓடுறாங்க, நாலு பேரா சேந்தா தவழுறாங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேரு கட்டிலத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்க. அதுல ஒருத்தன் நொண்டுனா மத்த மூணு பேரும் அவன் வேகத்துக்குத்தான நடக்கணும்? பெட்டி நாலு கார்டுக்கும் சமமா வேலை குடுக்குது. மூணு பேர் முடிச்சிட்டு நாலாவது ஆளுக்காக நிக்கிறாங்க."

"அவன் ஏன் நொண்டுறான்?"

அவர் பெட்டியின் பின்பக்கம் போய் நாலாவது கார்டைத் தொட்டார். சூடான அடுப்புத் தட்டைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டு விரலை வாயில் வைத்தார். அது மேல் மூலையில் இருந்தது. சூடெல்லாம் ஏறி அங்கேதான் கூடும். கார்டு கொதித்து, மயங்கி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. வெலிமிர் விரலைச் சூப்பிக்கொண்டே பின்சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பின்சுவரில் சூட்டுக்காற்று வெளியேறுவதற்கென்றே ஒரு சதுர ஓட்டை உண்டு. முன்சுவரில் ஏசி. குளிர்ந்த காற்று பெட்டியின் முன்னால் நுழைந்து, சூடாகிப் பின்னால் வந்து, ஓட்டை வழியாக வெளி வராந்தாவுக்குப் போக வேண்டும். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். வசந்தகாலத்தில் வெலிமிருடைய அறையைச் சவுண்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் மேசையை இந்த அறையில் போட்டார்கள். ஏசிக்கும் ஓட்டைக்கும் நட்டநடுவில். அன்றைக்கே அவர் தன்னுடைய பழைய ஆட்டுத்தோல் மேல்சட்டையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே பிஸ்கட் பெட்டி அட்டையை வைத்து டேப் ஒட்டிவிட்டார்.

"காரணம் கெடச்சிருச்சு" என்று நான் எழுந்துபோய் அட்டையில் கை வைத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. முகம் வெளுத்திருந்தது. "கைய எடு தெசா. நீ காத்து வாட்டத்துல நிக்கிற. ஏசி ஓடுது."

"ஒரு நிமிஷம்ணே."

"மிலேவாவுக்கும் ஒரு நிமிஷந்தான் ஆச்சு."

நான் கையை உருவிக்கொண்டேன். கீழே இறங்கிப்போய் நெபோய்ஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வேறு எந்த ஊர் முதலாளியாக இருந்தாலும் மேலே ஏறிவந்து அந்தத் தோலைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பான். எங்கள் நெபோய்ஷா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "அப்ப ஓட்டையத் திறந்தா குறுக்குக்காற்று வருமே" என்றான். வராந்தாவில், ஓட்டைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்காளர் ருஜீட்சாவையும் கேட்டான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "என் கிட்னிக்கு யாரு ஜவாப்பு? நீயா?" என்று என்னைத்தான் கேட்டாள். ஸ்டூடியோ முழுக்க ஆட்டுத்தோல் கட்சியில் சேர்ந்துவிட்டது. நெபோய்ஷா ஒரு சின்ன மின்விசிறி வாங்கிவந்து பெட்டியின் பின்னால் வைத்தான். போக வழியில்லாத சூட்டை அது சுற்றிச் சுற்றிக் கலக்கியது. நாலாவது கார்டு அடியோடு அணைந்துவிட்டது.

"மூணு கார்டோட ஓட்டுவோம்" என்றார் வெலிமிர். ஓட்டிப் பார்த்தோம். ஏழாவது மெஷின் வரைக்கும் தாங்கியது. எட்டாவது என்னுடையது. என் கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றாள்.

வியாழக்கிழமை வந்தது. அந்த வருஷத்திலேயே கொடுமையான வெயில். வெலிமிர் ஒரு முடிவோடு வந்திருந்தார். சோதனை முடிகிறவரைக்கும் மட்டும் ஓட்டையைத் திறப்பது, எல்லாரும் வெளியே நிற்பது, அவர் மட்டும் உள்ளே கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்வது. வீட்டுக்குப் போன் பண்ணி, "என் கம்பளி மப்ளரையும் குளிர்காலத் தொப்பியையும் எடுத்துட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. மிலேவா அக்கா வெயிலில் பஸ் பிடித்து, ஒரு பையில் மப்ளரும் தொப்பியும், இன்னொரு பையில் ரொட்டியும் புகைபோட்ட பன்றிக்கொழுப்பும் வெங்காயமுமாக வந்து சேர்ந்தாள்.

"ஜூலைல மப்ளர் கேக்குறான்னா ஒண்ணு காய்ச்சல், இல்லன்னா பைத்தியம். எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் என்னிடம்.

நான்தான் உளறினேன். கார்டு, சூடு, ஓட்டை, பெல்கிரேடு கம்பெனி, வேலை போகப்போவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. முகத்தின் அசைகிற பாதி கல்லாகிவிட்டது. பையை என் கையில் திணித்துவிட்டு நேராக உள்ளே போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம், அப்போதுதான் வந்திறங்கிய புரொட்யூசர் அம்மாள் உள்பட.

வெலிமிர் அட்டைக்கு முன்னால் நின்றிருந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிரித்திருந்தார். அதற்குமேல் கை போகவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"யோவ் வெல்யா, வேலை போகப்போகுதுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"திறந்துடுவேன். மப்ளரக் குடு. நீ வெளிய போ. வாட்டத்துல நிக்காத."

"அந்தத் தோல இழு."

"இழுக்குறேன், நீ மொதல்ல வெளிய போ மிலேவா. ஒரு தடவை நான் திறந்தது போதாதா?"

அவள் அவருடைய நாற்காலியில், ஏசிக்கு நேரே, சட்டமாக உட்கார்ந்தாள். "நீ திறக்குறதுக்கு முந்தியே என் வாய் கோணிப்போச்சு" என்றாள்.

வெலிமிர் திரும்பினார்.

"அன்னைக்குக் காலைல காப்பி குடிக்கறப்பவே வாயோரமா ஒழுகிச்சு. இடது கண்ணு சரியா மூடல. பஸ்ஸு ஏறுறதுக்கு முந்தி வெல்யா. உனக்கு அந்தப் பக்கம் தெரியாம தலையில துணியக் கட்டிக்கிட்டு வந்தேன்."

"பொய் சொல்ற. என் வேலைக்காகப் பொய் சொல்ற."

"உன் வேலைக்காகப் பொய் சொல்லணும்னா நல்ல பொய்யாச் சொல்ல மாட்டேனா? இத்தனை பேர் முன்னாடி மானங்கெட இதையா சொல்லுவேன்?"

"அப்ப இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

அவள் தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள். "மொதல்ல பயம். அப்புறம் நீ ஜன்னல் ஜன்னல்னு அழுத. நீ அழுது நான் பாத்ததே இல்ல. சொல்லிடலாம்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் நீ என்கிட்ட ஒரு நாள்கூட கத்தல. அதுக்கு முந்தி நீ எப்படிக் கத்துவன்னு உனக்கே தெரியும். வசதியா இருந்துச்சு. விட்டுட்டேன்."

ருஜீட்சா சிலுவை போட்டுக்கொண்டாள். நெபோய்ஷா தன் செருப்பைப் பார்த்தான். எனக்கு அந்த நிமிஷம் மிலேவா அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது, வெலிமிர் மேலும் வந்தது. இத்தனை வருஷமாக அந்த மனிதர் ஊர் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, காலரில் தொங்கிக்கொண்டு திரிந்தது எதற்காக.

வெலிமிர் கத்துவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவளும் நினைத்திருப்பாள், தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் திரும்பி அட்டையைக் கிழித்தார். ஆட்டுத்தோலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வரமாட்டேன் என்றது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்ததும் தோலோடு பின்னால் போய் மிலேவா அக்கா மடியில் விழுந்தார். ஓட்டை வழியாகச் சூட்டுக்காற்று கிளம்பி வராந்தாவில் ருஜீட்சாவின் மேசைத் தாள்களையெல்லாம் பறக்கவிட்டது. அவள் கிட்னியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

அறை ஆறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெலிமிர் மப்ளர் சுற்றவில்லை. நாலாவது கார்டைத் தொட்டுப் பார்த்தார், கேபிளை மாட்டினார். நாலு பச்சை விளக்கும் ஒரே தாளத்தில் துடித்தன. நாங்கள் எட்டுப் பேரும் ஓடிப்போய் எங்கள் மெஷின்களில் உட்கார்ந்து படத்தை ஓட்டினோம். எட்டுத் திரையிலும் கதாநாயகி வாயை மூடினாள், நடந்தாள், கதவைத் திறந்தாள், துரோகியைக் கன்னத்தில் அறைந்தாள். ஒரு இடத்திலும் திக்கவில்லை. புரொட்யூசர் அம்மாள், "பரவாயில்ல" என்றாள். பெல்கிரேடுக்காரர்கள் அதற்குமேல் பாராட்ட மாட்டார்கள். "நாலு மடங்கா?" என்று நெபோய்ஷா கேட்டான். "கிட்டத்தட்ட. மிச்சம் உன் ஸ்விட்ச் தின்னுடுச்சு" என்றார் வெலிமிர். அவ்வளவுதான் அன்று அவர் பேசியது.

சாயங்காலம் கச்சாரெவோ பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்சீட்டில். பஸ் அடுப்பு மாதிரி இருந்தது. இவருக்குப் பயந்து ஆட்கள் தாங்களாகவே ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்தார்கள், எதிர்வரிசையில் ஒன்றைத் தவிர. வெலிமிர் எழுந்து அதன் பக்கம் போனார். சாத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தொடாமல் திரும்பி வந்து, தன் பக்கத்து ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று இரண்டு பக்கமும் சேர்ந்து பஸ்ஸைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று.

"யாருய்யா அது, குறுக்குக்காத்து அடிக்குது, சாத்து" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "மனுஷனுக்கு வாய் கோணிப்போகும்."

மிலேவா அக்கா திரும்பித் தன் முகத்தை அவளுக்கு நன்றாகக் காட்டினாள். "எனக்குப் போயாச்சு, நீ வேணா வாயப் பொத்திக்க" என்றாள்.

வெலிமிரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. கச்சாரெவோ வருகிறவரைக்கும் அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. அவளுடைய தலைத்துணி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தபோது அவர் கழுத்து இடது பக்கமாக இறுகிப்போய் நின்றிருந்தது. திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பினார். ஸ்டூடியோவே காப்பியும் கையுமாக அவரைச் சுற்றி நின்றது. ருஜீட்சாவின் வாயில் ப்ரோமாயா என்ற அந்த வார்த்தை தயாராக இருந்தது, எல்லார் வாயிலும் இருந்தது. ஆட்டுத்தோல் கட்சி ஜெயித்துவிட்ட முகத்தோடு அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தது.

"என்னண்ணே ஆச்சு கழுத்துக்கு?" என்று நெபோய்ஷா கேட்டான்.

வெலிமிர் உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தார்.

"தலகாணி சரியில்ல" என்றார்.